சிம் போட ஓட்டை இல்லாத போன்

போன சீசன் முடியிற நேரம், ஒக்டோபர் மாதம், இரவு பதினொரு மணிக்கு என் கூட்டாளி கோல் எடுத்தான். அறுகம்பேயில் சேர்ஃபிங் பழக்கிக் கொடுக்கிறவன். ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரைக்கும்தான் அவனுக்கு அந்த வருமானம், மிச்ச மாதங்களில் வாப்பாவோட கடலுக்குப் போவான். "மச்சான், ஐபோன் ஒண்டு வாங்கிட்டன்" என்றான். நான் வாய் திறக்க முதலே அடுத்தது வந்தது: "ஆனா சிம் போடுற ஓட்டயக் காணல்ல."

சிரித்துவிட்டேன். அதுக்காக இப்பவும் வெட்கமாகத்தான் இருக்கு. ஏனென்றால் அந்தப் போனுக்கு அவன் கொடுத்தது 90,000 ரூபாய். ஆறு மாதம் வெயிலில் காய்ந்து மிஞ்சின காசு.

விற்றவர் ஒரு அமெரிக்கர், இரண்டு கிழமை இவனிடம் பழகினவர். கள்ள மனுஷன் இல்லை. ஊருக்குப் போனதும் புதுசு வாங்கப்போறன், இதை நீ வெச்சுக்கோ என்று சந்தை விலையை விடக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார். இவனும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அந்த இரண்டு கிழமையும் போனின் மேல் மூலையில் நம்மூர்க் கொம்பனி ஒன்றின் பெயர் நிற்பதையும், சிக்னல் முழுசாக இருப்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறான். "இங்க வேல செய்யிற போன் தானே" என்று நினைத்திருக்கிறான். நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் அது ரோமிங். அமெரிக்கக் கொம்பனியின் இணைப்பு நம்மூர் டவரைக் கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கியிருந்தது, அவ்வளவுதான். போன் அந்த அமெரிக்கக் கொம்பனிக்கே பூட்டப்பட்டுக் கிடந்தது. தவணைக்குப் போன் கொடுத்து, காசு முடியும்வரை வேறு கொம்பனியின் சிம்மை ஏற்காதபடி பூட்டி வைப்பது அங்கே வழக்கம். திறப்பு கொம்பனியிடம் இருக்கும். முதலில் வாங்கினவர் கணக்கை முடித்தால்தான் அது திறக்கும். போதாக்குறைக்கு, 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது. எல்லாம் இ-சிம். இவன் ஒரு இ-சிம் எடுத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தான். 'சிம் நொட் சப்போர்ட்டட்' என்று வந்து நின்றது.

இதெல்லாம் பத்து செக்கனில் பார்த்திருக்கக்கூடிய விசயம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், எபௌட் என்று போனால் 'கேரியர் லொக்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. அந்த வரியைப் பார்க்கச் சொல்லி அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போன் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, இரண்டு பேரும் கல்முனைக்குப் போனோம். நான் ஒலுவிலில் ஏறினேன், அவன் பொத்துவிலில் இருந்து வந்தான். மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் இரண்டு கடையிலும் "வெச்சிட்டுப் போங்க, திறந்து தாறம்" என்றார்கள். மூன்றாவது கடை நானா மட்டும் போனை ரெண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார்: "தம்பி, இதுக்குக் காசு கட்டாதீங்க. இந்தப் பூட்டத் திறந்தாலும் இன்னொரு பூட்டு இரிக்கி."

அந்த இன்னொரு பூட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

அதுக்கு முதல் ஒரு சின்ன விசயம். போன் வேறு நெட்வேர்க்கில் வேலை செய்யாமல் போக அலைவரிசையும் ஒரு காரணம். நம்ம நாட்டில் 900, 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் அலைகள்தான் பிரதானம். வேறு நாட்டுச் சந்தைக்கென்று மலிவாகச் செய்த சில போன்களில் இதில் ஒன்றிரண்டு இருக்காது. குறைந்த அலை தூரம் போகும். அதனால் 900 இல்லாத போன் டவுனில் நல்லா இருக்கும், வயல் பக்கம் போனதும் தடுமாறும். கொம்பனியைத் திட்டுவோம், குற்றம் போனில் இருக்கும். ஆனா இது இயற்பியல். யாரோடும் சண்டை பிடிக்க ஏலாது. மொடல் இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்கணும், அவ்வளவுதான்.

கடை நானா சொன்ன பூட்டு அப்படி இல்லை. அது மனுஷர் போட்டது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, தன் அங்கீகாரம் இல்லாமல் நாட்டுக்குள் வரும் சிம் போடக்கூடிய கருவிகளை 2025 ஜனவரி 28க்குப் பிறகு உள்ளூர் நெட்வேர்க்குகளில் இணைக்க முடியாது என்று அறிவித்தது. அதற்கு முன் பாவனையில் இருந்தவைக்குப் பிரச்சினை இல்லை. எது அங்கீகாரம் பெற்றது என்பதை ஐஎம்ஈஐ இலக்கம்தான் சொல்லும். *#06# அடித்தால் திரையில் வரும் 15 இலக்கம். முதல் 8 இலக்கம் அது என்ன மொடல் என்பதைச் சொல்லும், மிச்சம் அந்த ஒரு போனுக்கே உரியது. இரண்டு சிம் போனென்றால் இரண்டு இலக்கம் இருக்கும். IMEI என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் பதிவில் இருக்கா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த முறையே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. களவு போன போனை எந்த நெட்வேர்க்கிலும் வேலை செய்யாமல் நிறுத்த இப்படி ஒரு பதிவு வேணும். போலி இலக்கம் அடித்த மலிவுப் போன்களைத் தடுக்கவும் வேணும். வரி கட்டிக் கொண்டுவந்து விற்கும் கடைக்காரருக்கும் இது நியாயம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறினபோது போன் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த விலை தாங்காமல்தான் எங்கட பெடியன்கள் பில் இல்லாத போன் பக்கம் போனார்கள்.

என் கேள்வி வேறு. இந்தப் பூட்டு யார் தலையில் விழுகிறது? கொண்டுவந்தவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். இடைத்தரகர் இலாபத்தை எடுத்திருப்பார். கடைசியாகக் காசு கொடுத்தவன் கையில்தான் போன் செத்துக் கிடக்கும். பரிசோதிக்கிற பொறுப்பு முழுக்க அவனிடம். பொத்துவிலில் இருக்கிற ஒரு மீன்பிடிக்காரரின் மகன் ஐஎம்ஈஐயையும் கேரியர் லொக்கையும் அலைவரிசையையும் படித்துவிட்டுத்தான் போன் வாங்கணும் என்பது என்ன நியாயம்? விற்கிறவர் வாங்குகிறவருக்கு முன்னாலேயே அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பிக் காட்டணும், பில்லில் இலக்கத்தை எழுதணும், வேலை செய்யாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுக்கணும். பூட்டுப் போடுகிற அதே விதியில் இதையும் எழுதினால் போதும். யப்பான் 2021 ஒக்டோபர் முதல் புதுப் போன்களுக்குச் சிம் லொக் போடுவதையே நிறுத்தியது. கனடா அதை 2017லேயே செய்தது. வாங்குகிறவரைப் படிக்கச் சொல்லாமல், பூட்டுப் போடுகிறவரை நிறுத்தினார்கள்.

பாகிஸ்தானில் வரி கட்டிப் பதியாத போனுக்கு 'நொன் பிடிஏ' என்று சந்தையில் தனிப் பெயரே இருக்கு. சிம் வேலை செய்யாது, வைஃபைக்கு மட்டும் என்று தெரிந்தே விலை குறைத்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள். துருக்கியில் வெளிநாட்டுப் போனை 120 நாளைக்குள் கட்டணம் கட்டிப் பதியாவிட்டால் இணைப்புப் போய்விடும். பூட்டுப் போட்ட மாத்திரத்தில் சந்தை சுத்தமாகிவிடாது, அதன் ஓரத்தில் ஏழைகளுக்கென்று இன்னொரு சந்தை முளைக்கும் என்பதுதான் இதில் எனக்கு விளங்குவது.

சின்ன வயதில் உம்மும்மா வீட்டில் ஒரு சிடிஎம்ஏ போன் இருந்தது. சுனாமிக்குப் பிறகான வருசங்களில் கரையோர வீடுகளில் வந்து உட்கார்ந்த, கம்பி அன்டெனா வைத்த மேசைப் போன். எந்தக் கொம்பனி தந்ததோ அந்தக் கொம்பனியோடு மட்டும்தான் அது பேசும். பிறகு சிம் போன் வந்தபோது பெரிய விடுதலை மாதிரி இருந்தது. ஒரு கொம்பனி பிடிக்காவிட்டால் சின்ன ஊசியால் குத்திக் கழற்றிவிட்டு மற்றதைப் போடலாம். பாணமைப் பக்கம் போகும்போது ஒரு சிம், ஊருக்குள் இன்னொரு சிம் என்று என் கூட்டாளி எப்பவும் இரண்டு வைத்திருப்பான். எடிசலாட் 2018இல் ஹட்ச்சோடு சேர்ந்து, எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்து, இப்போது நாட்டில் மிஞ்சியிருப்பது டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என்ற மூன்றுதான். தெரிவு குறையக் குறைய அந்தச் சின்ன ஊசிதான் நம்ம கையில் இருந்த பலம். இ-சிம் வந்தால் அதையும் கொம்பனியின் கணினிதான் செய்து தரணும்.

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று நினைக்க வேணாம். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17, கத்தார், சவூதி, அமீரகம், குவைத், ஓமான், பஹ்ரைன் ஆறிலும் சிம் தட்டு இல்லாமல்தான் விற்கப்படுகிறது. எங்கட ஊர்களில் எந்த வீட்டுக்குப் போன் எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் தோஹாவிலிருந்து பெரியப்பாவின் மகன் கோல் எடுத்தார். தங்கச்சி ஏ.எல். பாஸ், ஒரு போன் அனுப்பப்போறன், என்ன மொடல் நல்லம் என்று கேட்டார். கெமராவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "காக்கா, கடையில நிண்டு *#06# அடிச்சு அந்த நம்பர எனக்கு அனுப்புங்க. நான் இங்க பார்த்துச் சொல்றன், பிறகு காசக் குடுங்க" என்றேன். "என்னடா, போன் வாங்கப்போறனா கள்ளனப் பிடிக்கப்போறனா?" என்று சிரித்தார்.

கூட்டாளியின் ஐபோன் இன்னும் பூட்டியபடிதான் இருக்கு. அமெரிக்கருக்கு மெசேஜ் போட்டிருக்கிறான், அவர் கொம்பனியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் இடப் பக்கப் பொக்கட்டில் வெடித்த திரையோடு பழைய போன், வலப் பக்கத்தில் ஐபோன். பழையது ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுக்க, புதுசில் வட்ஸ்அப் பார்க்கிறான். பழையதுக்கு பெட்டரி மூன்று மணித்தியாலம் தாங்கும்.