பால் கவரும் ஐம்பது ரூபாயும்

"குப்பையையும் நாமளே கழுவி, காயவெச்சு, மடிச்சுக் குடுக்கணும். அதுக்கு மேல மாசாமாசம் காசும் நாமளே குடுக்கணுமா? இது எந்த ஊர் நியாயம் சார்?"

ஆலுவா பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. வாடகை அதிகம், மழை அதிகம், சாம்பாரில் இனிப்பு அதிகம் என்கிற வழக்கமான புலம்பல்களைக்கூட இது முந்திவிட்டது. நான் வங்கிக்காரன் என்பதால் என்னிடம் கேட்டால் கணக்காகப் பதில் வரும் என்று ஒரு நம்பிக்கை. கணக்காகவே சொல்கிறேன்: நியாயம்தான். ஐம்பது ரூபாய் குறைவு என்றுகூடச் சொல்வேன்.

வெளிமாநிலம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. கேரளாவில் ஹரிதகர்ம சேனை என்று ஒரு அமைப்பு. 2016 டிசம்பரில் ஹரித கேரளம் மிஷன் தொடங்கியதையொட்டி உருவானது. பெரும்பாலும் குடும்பஸ்ரீ பெண்கள். மாநிலம் முழுக்க முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு பேராக வீட்டுக்கு வருவார்கள். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்வார்கள். வாசலில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்வார்கள். கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். பஞ்சாயத்தில் மாதம் ஐம்பது ரூபாய், நகராட்சிகளில் கொஞ்சம் கூடும். சோற்றுக் குப்பை, காய்கறித் தோல் எல்லாம் தனி விவகாரம். அதை வீட்டிலேயே மக்க வைக்க வேண்டும், அல்லது தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இப்போது கோபத்துக்கு வருவோம். நம் கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? பழைய பேப்பர் கடையில். நாம் வளர்ந்ததே அப்படித்தான். 'ஹிண்டு' பேப்பரை அடுக்கிவைத்து எடைக்குப் போட்டால் காசு வரும். ஈயப் பாத்திரம், ஓட்டை பக்கெட், காலி பாட்டில், அறுந்த செருப்பு என்று எதைக் கொடுத்தாலும் காசோ, பேரீச்சம்பழமோ, பிளாஸ்டிக் குடமோ திரும்ப வரும். குப்பையைக் கொடுத்தால் நமக்குத்தான் தர வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய வணிகவியல். (பி.காம். படித்துத்தான் இது தெரிய வேண்டும் என்பதில்லை. எங்கள் அம்மா தராசுக் கல்லைப் பார்த்தே எடைக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார்.)

கேரளாவில் இந்தத் தொழிலுக்கு ஆக்ரி என்று பெயர். ஆக்ரி வண்டி தள்ளுகிறவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து வந்து எர்ணாகுளத்துச் சந்துகளிலெல்லாம் இரும்பும் அட்டையும் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். மறுசுழற்சி என்கிற பெரிய வார்த்தை வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள்தான். சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஆக, பேப்பரும் இரும்பும் பிரச்சினையாக இருந்ததே இல்லை. ஒரு பொருளுக்கு விலை இருக்கும்வரை அது தெருவில் கிடக்காது. பிரச்சினை எல்லாம் பால் கவர், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை போன்றவைதான். ஆக்ரிக்காரர் இதைத் தொடமாட்டார். தொட்டால் அவருக்கு நஷ்டம். எங்கள் பாஷையில் பேப்பர் சொத்து, சிப்ஸ் பாக்கெட் கடன். சொத்தை விற்றால் காசு வரும். கடனைத் தீர்க்க நாம்தான் காசு கொடுக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு சிப்ஸ் வாங்கும்போதே அந்தக் கடன் நம் பேரில் ஏறிவிட்டது. ஐம்பது ரூபாய் என்பது அந்தக் கடனுக்கான தவணை.

"அப்ப கம்பெனிக்காரன் கட்டட்டுமே?" நல்ல கேள்வி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலும் 2022 திருத்தத்திலும் உற்பத்தியாளரின் பொறுப்பு பற்றி விரிவாகவே இருக்கிறது. கம்பெனிகள் கட்டத்தான் வேண்டும், இன்னும் நிறையவே கட்ட வேண்டும். அதுவரை வாசலில் நிற்கிற சேச்சியைப் பட்டினி போட வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏன் பட்டினி என்று சொல்கிறேன் என்றால், பலரும் இவர்களை நகராட்சி ஊழியர் என்று நினைக்கிறார்கள். இல்லை. மாதச் சம்பளம் கிடையாது. நாம் தருகிற கட்டணமும் சேகரித்ததை விற்றுவரும் சொற்பமும்தான் முக்கியமான வருமானம். சில உள்ளாட்சிகள் குறைகிற பணத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. குழுவின் பேரில் வங்கிக் கணக்கு இருக்கும், வசூல் அதில் விழும், அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். கவுன்டருக்கு இந்த மாதிரிக் குழுக்கள் பணம் கட்ட வரும்போது கவனித்திருக்கிறேன். பத்து, இருபது, ஐம்பது நோட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு, ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து. கணக்கு விவரம் சொல்லமாட்டேன், வேலை போய்விடும். ஆனால் ஒன்று சொல்லலாம்: நூறு வீட்டில் முப்பது வீடு "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றால் அந்த முப்பது வீட்டுப் பணம் அவர்கள் அடுப்பிலிருந்துதான் குறைகிறது. வாராக்கடன் என்று தள்ளுபடி செய்ய அவர்களிடம் பாலன்ஸ் ஷீட் இல்லை.

மக்கள் ஏன் பிரித்துக் கொடுக்கிறார்கள், ஏன் கொடுப்பதில்லை என்பதற்கு விழிப்புணர்வு இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கொச்சிக்காரர்களுக்கு விழிப்புணர்வுக்கு என்ன குறைச்சல்? 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பற்றி எரிந்தது. பன்னிரண்டு நாளுக்கு மேல் புகை. கடற்படை ஹெலிகாப்டர் தண்ணீர் ஊற்றியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு மடித்துவைத்த முகக்கவசத்தை மறுபடி எடுத்து மாட்டினோம். ஜன்னலைச் சாத்தினாலும் காலையில் தொண்டையில் அந்த நாற்றம். கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது (அது நீதிமன்றத்துக்குப் போனது தனிக் கதை). அங்கே மலையாகக் கிடந்தது யாருடைய குப்பை? கொச்சி மட்டுமல்ல, ஆலுவா மாதிரி சுற்றுவட்ட நகராட்சிகளுடையதும்தான்.

இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? ஆனால் புகை அடங்கியதும் ஒரே மாதத்தில் ராத்திரி பைக்கில் போகிறபோது பாலத்தின் மேலிருந்து கவரை வீசுகிறவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். அந்தப் பெரியாற்றிலிருந்துதான், இதே ஆலுவாவில் எடுத்து, கொச்சி நகரத்தின் பெரும் பகுதிக்குக் குடிநீர் போகிறது. வீசுகிறவருக்கும் இது தெரியும்.

ஆகவே தெரியாமையல்ல. என் பார்வையில் விஷயம் இரண்டுதான். ஒன்று காசு, இன்னொன்று முகம்.

காசுக்கு உதாரணம் நம் நீலகிரியிலேயே இருக்கிறது. காட்டில் உடைந்த மது பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்துவிட்டு வீசியவனே கொண்டுவர வேண்டும் என்பதில்லை, வீசியதைப் பொறுக்கி வேறொருவர் கொடுத்தாலும் யானைக்கு ஒன்றுதான். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் இப்படி வாங்குகிறார்கள். கேரளாவிலும் 2025 செப்டம்பரில் அரசு மதுக்கடைகள் சிலவற்றில் பாட்டிலுக்கு இருபது ரூபாய் என்று சோதனை ஆரம்பித்தார்கள். குடிமகன்கள் வழியாகத்தான் குடிமக்களுக்கு நல்ல பழக்கம் வர வேண்டும் போலிருக்கிறது :-)

சிப்ஸ் பாக்கெட்டுக்கு டெபாசிட் போட முடியாது. அங்கேதான் முகம் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே பழைய வீவக வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழாய். மூடியைத் திற, போடு, மூடு. எது கீழே விழுந்தது, யார் போட்டது, யாருக்கும் தெரியாது. அவ்வளவு ஒழுங்கான நாட்டில் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் சமீப வருடங்களில் 12 சதவீதம் அளவில்தான் இருந்திருக்கிறது. எச்சில் துப்பினால் அபராதம் என்கிற ஊரிலேயே இந்த நிலை.

இங்கே குழாய் இல்லை, தெருமுனைத் தொட்டியும் இல்லை. ஒரு ஆள் வருகிறார். மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறார். மீன் ரத்தம் ஒட்டிய கவர் உள்ளே இருந்தால் நம் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்குத்தான் எங்கள் தெருவே பயப்படுகிறது. கட்டணம் கட்டாவிட்டால் வரிப் பாக்கி போல வசூலிக்கலாம் என்று சட்டம் திருத்தியிருக்கிறார்கள். குப்பை கொட்டுகிறவரைப் படம் பிடித்து அனுப்பினால் அபராதத்தில் ஒரு பங்கு பரிசு என்றும் இருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் பால் கவரை வெட்டி, கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது தங்கமணி. சட்டம் பற்றி ஒரு வரி அவருக்குத் தெரியாது. "அந்தச் சேச்சி கையால எடுக்கணும்ல, நாறினா அவங்களுக்குத்தானே?" என்பதுதான் அவர் சொல்கிற ஒரே காரணம். நூறு விளம்பரப் பலகைகளைவிட இந்த ஒரு வரி நீண்ட நாள் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

கேரளாவைத் தூக்கிப் பிடிப்பதாக யாரும் கிளம்ப வேண்டாம். நான் திருநெல்வேலிக்காரன். 2024 டிசம்பரில் கொடகநல்லூர், பழவூர் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது எனக்குச் செய்தி அல்ல, எங்கள் சொந்தக்காரர்கள் மாடு மேய்க்கிற இடம். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். ஆபீஸில் மலையாள நண்பர்களிடம் அந்த வாரம் நான் அதிகம் பேசவில்லை. அவர்களும் பேசவில்லை. மாநிலம் முழுக்க வீடுவீடாகக் கழுவி வாங்குகிற ஊர், மருத்துவமனை வாசலில் குத்தகைக்காரர் லாரியில் ஏற்றியதும் கண்ணை மூடிக்கொண்டதே என்று கோபம். அங்கேயும் முகம் இல்லை, பாருங்கள். ஒப்பந்தப் பேப்பர் மட்டும்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு "அவங்க நம்ம ஊர்ல கொட்டுறாங்க, நான் எதுக்கு இங்க அம்பது ரூபா குடுக்கணும்" என்று ஒரு நண்பர் கேட்டார். அது செல்லாத செக். திருநெல்வேலியில் கொட்டியவர் வேறு, உங்கள் வாசலில் நிற்கிறவர் வேறு. போகிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி, 2018-இல் சென்னையில் விமானங்களையே தாமதப்படுத்திய நாம், யாருக்கும் பாடம் எடுக்கிற நிலையிலும் இல்லை.

இன்னொரு சந்தேகம் நியாயமானது. வாங்கிப் போவதெல்லாம் உண்மையில் மறுசுழற்சி ஆகிறதா? எல்லாம் ஆகவில்லை. நல்ல பிளாஸ்டிக் தரம் பிரித்து விற்பனைக்குப் போகிறது. பல அடுக்குள்ள பாக்கெட்டுகள் சிமென்ட் ஆலையில் எரிபொருளாகப் போகின்றன. அதை மறுசுழற்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொல்லைப்புறத்தில் சாயங்காலம் நாம் கொளுத்துவதற்கும், ஓடையில் அடைத்துக்கொண்டு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் அது எவ்வளவோ மேல். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரை, ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில் அடைத்திருந்த குப்பைக்கு நடுவே மூன்று நாளாகத் தேடினார்கள். சடலமாகத்தான் கிடைத்தார். அந்தக் குப்பையில் பால் கவர் இல்லாமலா இருந்திருக்கும்?

வாடகை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு நடைமுறை விஷயம். வாசலில் க்யூஆர் கோடு வீட்டு ஓனர் பேரில் இருக்கும். ஓனர் துபாயில் இருப்பார். கட்டணத்தை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது, கடைசியில் யாரும் கட்டமாட்டார்கள். குப்பை உங்களுடையது, நீங்களே கட்டிவிடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டு வரி கட்டப் போகும்போது ஓனருக்கே அது தேவைப்படலாம்.

பி.கு.: டயபரும் சானிட்டரி நாப்கினும் என்ன செய்வது என்று கேட்டிருந்த சகோதரிக்கு: எங்கள் பக்கம் மாதாந்திர மூட்டையில் அதை வாங்குவதில்லை. கிலோ கணக்கில் காசு வாங்கிக்கொண்டு எடுத்துப்போகிற தனியார் சேவை கொச்சியில் இருக்கிறது, ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தக் கட்டணம் ஐம்பது ரூபாயோடு நிற்காது. பலர் இன்னும் புதைக்கிறார்கள், சிலர் எரிக்கிறார்கள். நகரசபை இதற்கும் ஒரு வழி செய்தாக வேண்டும். அடுத்த வார்டு சபைக் கூட்டத்தில் தங்கமணியே எழுந்து கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.