கழுத்துக் கருமையும் நமது கடமையும்

நூல் பட்டுவாடா நாட்களில் சங்க அலுவலகத்தில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறோம். தாயுடன் வந்திருக்கும் சிறுமியின் பிடரியில் கருமை படர்ந்திருக்கும். அதைக் கண்ட பெரியவர் ஒருவர், "ஏம்மா, பிள்ளைக்குக் கழுத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாதா?" என்று கேட்டுவிடுவார். தாய் நாணித் தலை குனிவாள். அன்று மாலையே பீர்க்கங்கூட்டைக் கொண்டு அக்கழுத்தைத் தேய்த்துத் தள்ளுவாள். தோல் எரியும், குழந்தை அழும், கருமை மட்டும் போகாது.

அழுக்காக இருந்தால் முதல் நாளே போயிருக்கும். எத்தனை தேய்த்தும் போகாத கருமை உடலின் உள்ளிருந்து வருவது என்பதை நம் அங்கத்தினர்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். கறுப்பு நிறம் நோயன்று. வெயிலில் உழைக்கும் உழவர் கறுப்பதும் இயல்பே. பிறவி நிறத்தைக் குறித்து வெட்கப்படவோ வைத்தியம் தேடவோ அவசியமில்லை. முன்பு இல்லாத இடத்தில் புதிதாகத் தோன்றிப் பரவும் கருமையைத்தான் நாம் கவனிக்கச் சொல்லுகிறோம். வாழை இலை பழுத்துக்கொண்டு வந்தால் உழவர் இலைக்குப் பச்சைச் சாயம் பூசுவதில்லை. வேரையும் மண்ணையும் பார்க்கிறார். தம் உடல் விஷயத்திலும் அவர் அவ்வாறே செய்தல் வேண்டும்.

பிடரி, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணியைப் போல் இருக்குமானால், பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம். உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாதபோது, கணையம் மேலும் மேலும் அதைச் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் தோலின் அணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே இக்கருமை தோன்றிவிடக்கூடும். பருமனான குழந்தைகளிடமும், மாதவிலக்கு ஒழுங்காக வராத இளம் பெண்களிடமும் இதைக் காணலாம். உடல் எடை குறைந்து இன்சுலின் தணிந்தால் கருமையும் மெல்ல மங்கும். இது உள்ளவர் எல்லோருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது என்று நாம் கூறவில்லை. இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் கூறுகிறோம்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறக்குறைய 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர். கவனிக்காது விட்ட சர்க்கரை கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அறுந்த பாவு இழையைக் கண்டு முடிச்சிடும் கண்ணும், மிதியை உணர்ந்து மிதிக்கும் காலும் நெசவாளரின் மூலதனம். அவை போனபின் தறியிருந்து என்ன பயன்?

வேறு கருமைகளும் உண்டு. விரல் மூட்டுகள் கறுத்து, நாக்கு எரிந்து, கால் மரத்து, களைப்பும் மிகுந்தால், வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். இக்குறைவால் தோல் கறுப்பதையும், அம்மருந்தைக் கொடுத்தால் கருமை மறைவதையும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1963-லேயே எழுதியிருக்கின்றனர். பாலும் முட்டையும் மாமிசமும் உண்ணாதவர்களும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்களும் இதில் கவனமாயிருத்தல் நலம்.

உள்ளங்கை ரேகைகளும் தழும்புகளும் புதிதாகக் கறுத்து, உடல் மெலிந்து, எழுந்து நின்றால் தலை சுற்றுமானால், அட்ரினல் சுரப்பி பழுதடைந்திருக்கலாம். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த நோய் இது. காசநோய் அச்சுரப்பியைத் தாக்குவதாலும் இது வரும். தறியில் நாள் முழுதும் காலைத் தொங்கவிட்டு அமர்பவர்க்கும், நின்றே வேலை செய்பவர்க்கும் கணுக்காலின் மேற்புறம் கறுத்து வீங்கினால், இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்குகிறது என்று கொள்ளலாம். அசட்டை செய்தால் ஆறாத புண்ணில் முடியும். வயது சென்றவர்க்குக் கழுத்தும் அக்குளும் திடீரெனக் கறுத்து, பசி குன்றி உடலும் இளைத்தால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அரிதாயினும், வயிற்றுப் புற்றுநோய் அவ்வாறு தன்னைக் காட்டுவதுண்டு.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நம்மவர் செய்வதென்ன? கடைக்குச் சென்று வெளுப்புப் பசை வாங்குகின்றனர். மருத்துவர் சொல்லாமல் பூசும் ஸ்டீராய்டுப் பசைகள் தோலை மெலிவித்துப் புண்ணாக்கும். பாதரசம் கலந்த பசைகளோ சிறுநீரகத்தையே பழுதாக்கும். கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்து நோயை வாங்குவது எவ்வகையில் நியாயம்?

"ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் கூலி போகுமே" என்று அங்கத்தினர் சொல்வது நியாயமான குறையே. தனி ஒருவர் அதைத் தீர்க்க முடியாது. சங்கம் தீர்க்க முடியும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கின்றனர். நூல் பட்டுவாடா நாளிலும், விளைபொருள் எடைபோடும் நாளிலும் அவர்களைச் சங்கத்திற்கே வரவழைக்குமாறு நிர்வாகக் குழு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். வேலையும் கெடாது, எவரும் தனித்துக் கூச்சப்படவும் வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். இனி ஒரு குழந்தையின் கழுத்தில் கருமையைக் கண்டால், குளிப்பாட்டச் சொல்ல வேண்டாம். தாயைத் தனியே அழைத்து, "ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொண்டு வாம்மா" என்று அன்புடன் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அக்குழந்தையின் பிற்காலத்தைக் காக்கக்கூடும்.