விழச் செய்தது சக்கரமே!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. சக்கரம் தெரியாமல் பலகையில் ஏறாதே என்பது நான் பட்டறிந்த மொழி.

கோடை விடுமுறையில் பெரியப்பா மகனான அண்ணன் தம் ஸ்கேட்போர்டுடன் செங்கற்பட்டிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். ஆசையோடு ஏறினேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன். சிறு ஜல்லிக்கல் ஒன்று குறுக்கிட்டது. பலகை நின்றது, நான் நிற்கவில்லை! முழங்கால் சிராய்ந்தது. காயத்தைத் துடைத்தபடியே பாட்டி, "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்றார். மறுநாள் அதே தெருவில் அண்ணனும் விழுந்தார். அவரிடம், "பார்த்து ஓட்டுடா" என்றதோடு சரி. தெரு ஒன்று, பலகை ஒன்று. தீர்ப்பு மட்டும் இரண்டு!

உண்மையான குற்றவாளி சக்கரம். அதன் விட்டம் 52 மில்லிமீட்டர். கல்லைப் போன்ற கடினம். வழவழப்பான சிமெண்டுத் தளத்தில் வித்தைகள் செய்வதற்கென்றே அமைந்தது அது. சிறிய சக்கரத்திற்குச் சிறு கல்லும் சுவர்தான். பெரிய சக்கரமோ அதே கல்லின்மேல் ஏறி இறங்கிவிடும். மென்மையான சக்கரம் சற்றே அமுங்கி அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். பின்னர் அண்ணன் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென்சக்கரங்களை மாட்டினார். அதே தெருவின் கோடிவரை விழாமல் சென்று திரும்பினேன். இதிலும் குறை உண்டு. திரும்பும்போது பெரிய சக்கரம் பலகையில் உரசி நின்றுவிடலாம். அதற்காக அச்சுக்கும் பலகைக்கும் இடையே ஒரு திண்டு வைத்து உயர்த்த வேண்டும்.

மனிதர் பாதைக்கேற்பச் சக்கரத்தைத் திருத்தியே வந்துள்ளனர். முற்காலத்தில் இப்பலகைகளுக்கு இரும்புச் சக்கரமும் பின்னர்க் களிமண் கலவைச் சக்கரமும் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகே பயணம் சுகமாயிற்று. 2013இல் டேவிட் பேட்ரிக் என்பவரின் 'ஷார்க் வீல்' வெளிவந்தது. அலைபோல் வளைந்த அச்சக்கரம் பக்கவாட்டில் சதுரமாகத் தோன்றும். ஆனால் வட்டமாகவே உருளும். மணலையும் பொடிக்கல்லையும் ஒதுக்கிச் செல்வதே அதன் நோக்கம். நம் மாட்டு வண்டியும் இரும்புப் பட்டையிலிருந்து ரப்பர் டயருக்கு மாறவில்லையா? பாதை கரடுமுரடானது என்று எவரும் வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைக்கவில்லையே!

நம் மாவட்டத்து மாமல்லபுரத்தைப் பாருங்கள். கவுன் அணிந்து, வெறுங்காலுடன் ஸ்கேட்போர்டில் சறுக்கிய சிறுமி கமலியின் படம் உலகெங்கும் பரவியது. அவரைப் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் ஸ்ட்ரீட் போட்டியில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும், வெள்ளி வென்ற பிரேசிலின் ரெய்சா லீலுக்கும் வயது பதின்மூன்றே. நம் எட்டாம் வகுப்புத் தங்கைகளின் வயது!

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிவோம். வாகனம் ஓடும் சாலைக்குச் செல்ல மாட்டோம். நம் கூடைப்பந்துத் தளத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் சகோதரியர் எங்களுக்கு அனுமதி தர வேண்டும். மகள் விழுந்தால், பெற்றோரே, முதலில் சக்கரத்தைப் பாருங்கள். பிறகு மகளைக் கடியுங்கள்.

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களைக் காணாதார் நம்மில் இல்லை. பெயரோ தேர், சக்கரமோ இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அழகாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கல்லுக்கு அது பெருமை, பெண்ணுக்கு அன்று!