அறுகின் வேர் போல

வயிற்றுப் பகுதியில் கிரண சிகிச்சை பெறும் புற்றுநோயாளர், "நோயைவிட மருந்தல்லவா வாட்டுகிறது!" என்று நொந்துகொள்வதுண்டு. குமட்டலும் பேதியும் அவ்வாறு பேசச் செய்கின்றன. காரணம் யாது? குடலின் உட்சவ்வு சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து புதிதாவது. புதியவற்றைப் பெறும் மூல அணுக்கள் சவ்வின் நுண்குழிகளுக்கு அடியில் உறைகின்றன. கிரணங்கள் அவற்றைத் தாக்கும்போது செலவு நிற்பதில்லை, வரவு நின்றுவிடுகிறது.

ஆயினும், 1970-இல் விதர்ஸ், எல்கைண்டு என்னும் விஞ்ஞானிகள் சுண்டெலிகளிடம் ஆராய்ந்து காட்டியது வியப்புக்குரியது. குழியில் ஒரே ஒரு மூல அணு பிழைத்திருந்தாலும், சில நாட்களில் அக்குழி மீண்டும் தழைத்துவிடுகிறது! கருகிய அறுகு வேரிலிருந்து துளிர்ப்பதை நாம் கண்டதில்லையா? சிகிச்சையைச் சிறு சிறு அளவாகப் பல நாள் பகிர்ந்தளிப்பதால், இவ்வேர் தேறுவதற்கும் அவகாசம் கிடைக்கிறது. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலோருக்கு இவ்வுபாதை தணிகிறது. அதுவரை மனந்தளரலாகாது என்பதே நம் வேண்டுகோள்.