ஆளுக்கு ஓர் இடம்



சாந்தோம் பேராலயத்திற்கு வடக்கே நொச்சிக்குப்பமும் தெற்கே சீனிவாசபுரமும் கடலோரமாய் அமைந்துள்ளன. 1970-ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் நிறுவப்பெற்றபின், இக்கரையோரத்தில் குடிசைகள் இருந்த இடங்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 2021 முதல் அவ்வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என வழங்குகிறது. அப்பழைய வீடுகளின் நெருக்கத்தை மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தாரும் நன்கறிவர். 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்திலும், நலிந்த பிரிவினர் வீட்டுக்குக் குறித்த அளவு 30 சதுர மீட்டர். ஏறத்தாழ 323 சதுர அடி. அதற்குள் ஐவர், அறுவர் வாழ வேண்டும்.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. பீரோவுக்கு இடமுண்டு; தொலைக்காட்சிக்கும் இடமுண்டு; தேர்வுக்குப் படிக்கும் மகள் மட்டும் மாடிப்படியில் அமர்ந்திருக்கிறாள். பாட்டியார் நடைபாதையில் பாய் விரிக்கிறார். இடம் குறைவு என்பது உண்மையே. ஆனால் இருக்கும் இடத்தை முதலில் யாருக்குத் தந்தோம்?

ஆறடிக்கு நான்கடிக் கட்டில் 24 சதுர அடியை இரவும் பகலும் அடைத்துக்கொள்ளும். பாயோ விடிந்ததும் சுருண்டு மூலையில் நிற்கும். முழங்கால் வலியுள்ள முதியவருக்குக் கட்டில் தேவையே. அதன் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினால், டிரங்குப் பெட்டிகள் அடியில் அடங்கும். கதவு நிலைக்கு மேல் இரண்டடி அகலத்தில் பத்தடி நீளப் பரண் அமைந்தால் 20 சதுர அடி கிடைக்கும். கம்பளி, கிறிஸ்மஸ் குடில் பெட்டி போன்று ஆண்டுக்கொருமுறை எடுப்பவை அங்கே செல்லட்டும்; கனத்த அண்டாக்கள் வேண்டா. கடற்காற்றின் ஈரம் தங்காதிருக்க, பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி வையுங்கள்.

சமைக்கும் அறையிலேயே உறங்குவோர் கூடுதல் கவனம் கொள்க. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டியே பரவும். தரையில் படுத்திருப்போரையே அது முதலில் சூழும். ஆகவே படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுக. உருளையை நிமிர்த்தியே வைக்க. அடுப்பு அதனினும் உயரமான மேடையில் இருக்கட்டும். காற்றுவழியைப் பொருள்களால் அடைக்க வேண்டா.

ரங்கநாதன் தெருவில் தள்ளுபடி விலையில் வாங்கும் பாத்திரத்திற்குப் பணம் ஒருமுறை கொடுக்கிறோம். இடத்தையோ நாள்தோறும் கொடுக்கிறோம். புதிதாய் ஒன்று நுழையுமுன் பழையதொன்று வெளியேறட்டும்.

இன்றிரவு குடும்பமாய் அமர்ந்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் உரிய இடம் எது, நேரம் எது என்று பேசி முடிவு செய்யுங்கள். மாலை இரண்டு மணி நேரம் தொலைக்காட்சி ஓய்ந்தால், அச்சுவரோரம் மகளின் படிப்பறையாகும். பாட்டியாரின் பாய் உள்ளே வரட்டும். எஞ்சிய இடத்தில் பொருள்கள் அடங்கட்டும். அடங்காதவை நமக்குத் தேவையற்றவை.