சொல் நம்முடையது, சாவி யாருடையது?

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரி தூத்துக்குடி மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஜனங்கள் திரண்டு சென்றார்கள். அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 23 அன்று சர்க்கார் இன்னொரு காரியமும் செய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையத்தைத் துண்டிக்க உத்தரவு போட்டது. காரணம்? சமூக வலைத்தளங்களில் வதந்தி பரவுகிறதாம்!

கைப்பேசிதானா ஜனங்களைக் கூட்டியது? 1908 பிப்ரவரியில் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் பேசினார்கள், ஊரே திரண்டது. மார்ச் 12-ல் தலைவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் நெல்லையில் துப்பாக்கிச் சூடு. 4 பேர் மாண்டனர். அன்று எவர் கையில் கைப்பேசி இருந்தது? வயிற்றுப்பாடுதான் கூட்டம் கூட்டியது.

அதற்காக, கைப்பேசியால் ஒன்றும் ஆகாது என்று நாம் சொல்லவில்லை. அறிஞர்கள் ஆராய்ந்து சொன்னதைக் கேட்போம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் வேகமாகவும் தூரமாகவும் ஓடுகிறது. ஓட்டுவது இயந்திரம் என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது; மனிதர்களே அதை அதிகம் பரப்புகிறார்கள்.

இன்னொரு ஆய்வு. 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் சிலரை ஃபேஸ்புக்கை விட்டு விலகியிருக்கச் செய்தார்கள். அவர்களிடம் அரசியல் கருத்துப் பிளவு சற்றுக் குறைந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. ஆக, ஒரே கருவியில் நஞ்சும் உண்டு, சேதியும் உண்டு.

அப்படியானால் சர்க்கார் துண்டித்தது சரிதானே என்று கேட்கலாம். தானே விலகுவது வேறு. அடைத்துப் பூட்டுவது வேறு. நம் நாட்டில் இணையம் துண்டிக்கப்பட்ட இடங்களின் போராட்டங்களை ஆராய்ந்த ஜான் ரிட்ஸாக் என்பவர் 2019-ல் எழுதினார்: துண்டிப்புக்குப் பின் வன்முறை பெருகக் காண்கிறோம். காரணம் எளிது. அமைதியான போராட்டத்துக்கு ஏற்பாடு வேண்டும்; ஏற்பாட்டுக்குச் சேதி வேண்டும். சேதி அறுந்தால் தலைவர் சொல்வது தொண்டருக்கு எட்டாது. வதந்தியை மறுப்பவர் வாயும் அடைபடும்.

சர்க்கார் கையில் ஒரு சாவி என்றால் கம்பெனி கையில் இன்னொன்று. 2010-ல் அமெரிக்கத் தேர்தல் நாளன்று 6 கோடியே 10 லட்சம் பேரிடம் ஃபேஸ்புக் ஒரு பரீட்சை நடத்தியது. ஓட்டுப் போட்டுவிட்ட நண்பர்களின் முகத்தைக் காட்டிற்று. அதனால் சுமார் 3,40,000 ஓட்டு கூடுதலாக விழுந்ததென்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஓட்டுப் போடச் சொன்னது நல்லதுதான். ஆனால் யாருக்கு நினைவூட்டுவது, யாரை விட்டுவிடுவது என்று கம்பெனியே தீர்மானித்தால்? 2012-ல் 6,89,003 பேருக்கு, அவர்களிடம் சொல்லாமலே, காட்டும் சேதிகளை மாற்றி அவர்கள் மனநிலை எப்படி ஆகிறதென்று பார்த்தார்கள். மனிதரா, சோதனைச்சாலை எலியா?

இதையெல்லாம் வெளியிலிருந்து ஆராயலாமென்றால் அங்கும் பூட்டு. பத்திரிகையாளரும் ஆய்வாளரும் பயன்படுத்திய 'கிரவுட்டாங்கிள்' என்ற வசதியை மெட்டா கம்பெனி 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது.

நம் கடலில் வெள்ளையர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது, எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. மூச்சடக்கியவனுக்கு அந்த ஒரு பங்காவது உண்டு. இன்று நாம் எழுதுவதும் பார்ப்பதும் கம்பெனிக்கு விளம்பரக் காசாகிறது. கணக்குப் பார்க்கக்கூட நமக்கு உரிமை இல்லை!

எதிரியை மட்டும் சொன்னால் போதாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்தால் நடந்த காட்சிகள் அவை. வடக்கிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் சகோதரர்கள் பயந்து ரயிலேறினார்கள். தொழிலாளி தொழிலாளியைக் கண்டு அஞ்சினால் கூலி உயர்வை எவர் சேர்ந்து கேட்பது? சரிபார்க்காமல் சேதியைத் தட்டிவிட்டவர்களில் நம்மவரும் உண்டு. வெட்கத்தோடு ஒப்புக்கொள்வோம்.

ஆகவே நாம் கோருவது இது. இணையத் துண்டிப்பு உத்தரவைக் காரணத்தோடு உடனே வெளியிட வேண்டும். 2020 ஜனவரி 10-ல் சுப்ரீம் கோர்ட்டும் இத்தகைய உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும் என்றே சொன்னது. கம்பெனிகள் தங்கள் கணக்கை, தனி மனிதர் பெயர்களை நீக்கி, பொதுப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட வேண்டும். சம்மதமின்றி ஜனங்கள்மேல் பரீட்சை கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கைக்கு வரும் சேதி எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தது என்று சங்க அலுவலகத்தில் விசாரிப்போம். அதுவரை கைப்பேசி சட்டைப்பையில் இருக்கட்டும். மில் வாசலிலும் களத்துமேட்டிலும் நேருக்கு நேர் பேசும் பழக்கத்தை விட வேண்டாம். அந்தக் கம்பியை எந்த உத்தரவாலும் அறுக்க முடியாது.