எத்தனை கியர் எண்டு கேக்காதேங்கோ

ரோட் பைக் வாங்கப்போற ஆக்கள் முதல் கேக்கிற கேள்வி "எத்தனை கியர்?" எண்டுதான். 14, 16, 21 எண்டு இலக்கம் கூடக் கூட விலையும் கூடும், வாங்கிறவருக்குச் சந்தோசமும் கூடும். என்னைக் கேட்டால் அது தேவையில்லாத கேள்வி. அந்தச் சைக்கிளில ஆக லேசான கியர் எது எண்டுதான் கேக்கவேணும். முன்னுக்குள்ள சின்னப் பல்சக்கரத்தில எத்தனை பல்லு, பின்னுக்குள்ள ஆகப் பெரிய பல்சக்கரத்தில எத்தனை பல்லு? கடையில நிண்டு எண்ணிப் பாக்க அஞ்சு நிமிசம் காணும்.

கணக்கும் பெரிசில்லை. முன் பல்லைப் பின் பல்லால பிரிச்சு, சில்லின்ட சுற்றளவால பெருக்கவேணும். ரோட் பைக்குக்கு அது ஏறத்தாழ 2.1 மீற்றர். பெடல் ஒருக்காச் சுத்தேக்க சைக்கிள் எவ்வளவு தூரம் நகருது எண்டு அதில வரும். பழைய ரேஸ் சைக்கிளுகளில கனக்க முன்னுக்கு 53, 39 பல்லும் பின்னுக்கு 12 முதல் 25 பல்லு வரையும் இருக்கும். அதின்ட ஆக லேசான கியரே ஒரு சுற்றுக்கு 3.3 மீற்றர் இழுக்கும்.

இதோட நுவரெலியாவுக்கு ஏறப் பாருங்கோ. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. றம்பொடை ஏத்தத்தில மணிக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில போறீங்கள் எண்டு வைப்பம். 39க்கு 25 எண்டால் நிமிசத்துக்கு 36 தரம்தான் பெடல் சுத்தும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலில விழும். 34க்கு 34 எண்டால் அதே வேகத்தில 55 தரம் சுத்தலாம், மூச்சு வாங்கும், ஆனால் கால் தப்பும். அங்கால 53க்கு 12 கியரை நிமிசத்துக்கு 90 தரம் உழக்கினால் மணிக்கு 50 கிலோமீற்றர். ஏ9 வீதியில பஸ்ஸோட ஓடுற எண்ணம் இல்லாட்டி அது ஆருக்கு?

எங்கட பெடியள் சிலருக்கு லேசான கியர் எண்டால் ஒரு வெக்கம், ஏதோ ஏலாத ஆக்களின்ட சாமான் மாதிரி. இந்தக் கதை பழசு. டூர் டி பிரான்ஸைத் தொடங்கின ஹென்றி டெக்ராஞ்சும் கியர் மாத்திறதை வயசானவைக்கு உரியது எண்டுதான் நினைச்சவர். கியர் மாத்திற டிரெய்லர் அந்தப் போட்டிக்குள்ள வர 1937 ஆச்சுது. இப்ப ஷிமானோவின்ட உச்ச ரகமான டியூரா ஏஸிலயே பின்னுக்கு 34 பல்லுச் செட் வருது. காசுக்கு ஓடுற வீரருக்கு வெக்கமில்லை, எங்களுக்கு ஏன்?

யாழ்ப்பாணத்தில ஏத்தமே இல்லையே எண்டு கேப்பீங்கள். சரிதான், அங்க 34 பல்லு தேவையில்லை. ஆனால் சோளகக் காத்துக்கு எதிரா பண்ணைப் பாலத்தில உழக்கினவைக்குத் தெரியும், காத்தும் ஒரு மலைதான். அங்க வேண்டியது பல்லு ஒண்டு ரெண்டாக் கூடுற நெருக்கமான செட். எட்டுக் கியர் 11-34 செட்டில கடைசித் தாவல் 26இல இருந்து 34க்கு. காத்துக்குள்ள அப்பிடி மாத்தினால் காலின்ட தாளமே போயிடும். ஆகவே எல்லாருக்கும் ஒரே கியர் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஹட்டனில இருக்கிறவருக்கும் நல்லூரில இருக்கிறவருக்கும் ஒரே சைக்கிளை வித்துப்போட்டு, பிறகு "உனக்கு ஸ்டமினா காணாது" எண்டு சொல்லுறதுதான் எனக்குக் கோவம். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில ஆசையா வாங்கின எத்தனை சைக்கிள் இப்ப விறாந்தையில நிக்குது? அதில ஒரு பங்காவது ஆளின்ட பிழையில்லை, பல்லின்ட பிழை.

பழைய ரேஸ் சைக்கிள் வாங்கிறதெண்டால் கிராங்கையும் பாருங்கோ. அஞ்சு போல்ட், 130 மில்லிமீற்றர் வட்டம் எண்டால் 38 பல்லுக்குக் கீழ போட ஏலாது. 110 எண்டால் 34 போடலாம். பின் டிரெய்லரின்ட கை கட்டையா இருந்தால் பெரிய பல்சக்கரம் அதில கொழுவாது, நீளக்கை வேணும், செயினும் நீட்டவேணும். முறுக்கிப் பூட்டுற ஏழு கியர்ச் சைக்கிள் எண்டால் 14-34 பிரீவீல் இருக்குது, முழுச் செட்டை மாத்துறதை விட செலவு குறைவு. விலை பேச முதல் இதுகளைக் கேளுங்கோ.